பின்சீட்

பரமத்தி வேலூர் சின்னராஜ் வாரத்தில் மூன்று நாள் தன் மனைவி கலைமணியை டயாலிசிஸுக்காகப் பைக்கில் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போவான். பைக்குக்குப் பதினெட்டு வயது. ஒருநாள் அது நடுவழியில் நின்றுவிட, திரும்பி வந்துகொண்டிருந்த கலைமணி கொளுத்தும் வெயிலில் ரோட்டோரமாக ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தாள். அதன்பின் அவன் பிளக், காயில், செயின், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றினான். கிட்னி இரண்டும் போனவளுக்கு அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

வண்டி அப்புறம் எங்கும் நிற்கவில்லை. ஆனால் நாற்பத்தைந்தாக இருந்த மைலேஜ் அறுபத்தெட்டுக்கு ஏறியது.

"ஒத்தையாளா ஓட்டுனாத்தானுங்க இத்தன வரும்," என்றார் மெக்கானிக் செங்கோடன்.

"நாங்க ரெண்டு பேருந்தானுங்க போறோம்."

அன்று செங்கோடன் பின்பக்க ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டு, தானே பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். சீட் நாலு விரற்கடை இறங்கியது. பிறகு பட்டறையில் காத்திருந்த கலைமணி ஆஸ்பத்திரிப் பையோடு ஏறி உட்கார்ந்தாள். சீட் இறங்கவே இல்லை.

செங்கோடன் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். "அம்மிணி, கொஞ்சம் நல்லா உக்காருங்க."

"உக்காந்துட்டுத்தானுங்க இருக்கறேன்," என்றாள் அவள்.

ரோட்டில் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. சின்னராஜ் கலைமணியின் முந்தானையை எடுத்துத் தன் இடுப்பு பெல்ட்டில் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.