கேட்டுக்கு இந்தப் பக்கம்

ஏழே முக்கால் ரயிலைப் பிடிக்க டவுன் பஸ் தலைதெறிக்க ஓடிவந்தது. ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. ஸ்டேஷன் அந்தப் பக்கம், அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

"அண்ணே, தூக்குங்க! பன்னிரண்டு பேர் அந்த ரயிலுக்குத்தான் வந்திருக்காங்க. ஒரு பொண்ணுக்குப் பரீட்சை!" என்றது பஸ்.

"அந்த ரயிலுக்காகத்தான் தம்பி மூடியிருக்கேன். அது தாண்டாம தூக்க மாட்டேன்" என்றது கேட்.

தூரத்தில் ரயில் ஸ்டேஷனுக்கு வந்தது. ஒரே நிமிடம் நின்றது. பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. ரயில் கிளம்பிவிட்டது.

கேட்டைக் கடக்கும்போது ரயில் கத்தியது: "ஏம்ப்பா பஸ்ஸு, இந்த ஊர்ல ஏற ஒருத்தரும் வர்றதில்லையே! நாளையிலிருந்து இங்க நிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

கேட் மெல்ல உயர்ந்தது.

"இப்ப தாராளமாப் போ தம்பி."