இடப்பக்கம் ஒருக்களித்து

தாசம்மாள் பரிசோதனை மேசையிலேயே தூங்கிப்போனாள்.

அதுவும் இடப்பக்கம் ஒருக்களித்து.

பேட்டரி அளவு அச்சாகி வந்த தாளைக் கிழித்துக்கொண்டு திரும்பிய ஸ்ரீலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். பதினோரு வருடமாக இந்த பேஸ்மேக்கர் கிளினிக்கில் டெக்னீஷியன். மேசையில் படுக்கிறவர்கள் மல்லாந்து விறைத்துக் கிடப்பார்கள். மூச்சுவிடக்கூட யோசிப்பார்கள். காறை எலும்புக்குக் கீழே, இதயத் துடிப்பைச் சீராக்கும் அந்தச் சின்னப் பெட்டி புடைத்திருக்கும் பக்கமாகவே சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிய ஒருத்தியை அவள் பார்த்ததில்லை.

பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள் தாசம்மாள். ஐம்பத்தாறு வயது. ஆறு மாதத்துக்கு முன்பு தேயிலைச் சரிவில் மயங்கி விழுந்து, இங்கே கொண்டுவரப்பட்டு, நெஞ்சில் பெட்டியோடு லயத்து வீட்டுக்குத் திரும்பியவள். இன்று விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வளைவு வளைவாக இறங்கி வந்திருக்கிறாள். மதியத்துக்கு முந்திய கடைசி டோக்கன். அலுப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் இப்படி ஒரு தூக்கமா?

ஸ்ரீலட்சுமி எழுப்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோள் எப்படி மடங்கியிருக்கிறது, கை எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே யாருடைய போனோ அலறியது. தாசம்மாள் பதறி எழுந்தாள்.

"ஐயோ, உறங்கிட்டேனா சிஸ்டரே!"

"சாரமில்லக்கா, உறங்கினா என்ன. இந்தப் பக்கம் எப்படிப் படுக்கிய? வலிக்கலியா?"

தாசம்மாள் சிரித்தாள்.

"வீட்டுக்குப் போற அன்னைக்கு நான் இதத்தானே உங்ககிட்ட கேட்டேன். எப்படி வேணும்னாலும் படுக்கலாம்னு சொன்னிய."

குறையாகச் சொல்லவில்லை. ஸ்ரீலட்சுமிக்குத்தான் சுருக்கென்றது. பதினோரு வருடமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறாள். கூடக் கொடுக்கும் நோட்டீஸில் குளியல், செல்போன், காந்தம் என்று எல்லாம் இருக்கும். அதில் வரைந்திருப்பது பனியன் போட்ட ஓர் ஆணின் உடம்பு.

எப்படிப் படுத்தும் முடியவில்லை என்றாள் தாசம்மாள். வலப்பக்கம் திரும்பினால் மார்பின் கனம் பெட்டியையும் சேர்த்து இழுத்தது. இடப்பக்கம் திரும்பினால் பெட்டி அமுங்கிக் குத்தியது. உள்பாடியின் பட்டை நேரே தையல் தழும்பின் மேல் ஏறி உட்கார்ந்து அறுத்தது. இதையெல்லாம் மகனிடம் சொல்ல முடியுமா? டாக்டரிடம்தான் சொல்ல வாய் வருமா? நாற்பது நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருக்கிறாள்.

"பெறகு யோசிச்சேன். முப்பது வருசம் கொழுந்து சுமந்தவ நான். பட்டை எங்க அறுக்கும், கனத்த எங்க எறக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

பட்டையின் தையலைப் பிரித்து, தோளின் ஓரத்துக்குத் தள்ளித் தைத்தாள். அடியில் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தாள். அதன் பிறகு ஒரு சின்னப் பை. முதலில் தைத்தது அரித்தது. இரண்டாவதில் பஞ்சு கூடிப்போய் முட்டியது. மூன்றாவதாக, நைந்த நைட்டித் துணியில் இலவம்பஞ்சு அடைத்து, உள்ளங்கை அகலத்தில் தைத்தது சரியாக வந்தது. படுக்கும்போது அதை அக்குளுக்குக் கீழே, மார்பைத் தாங்குகிற மாதிரி செருகிக்கொள்ள வேண்டும். அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுக்காது, அமுங்காது.

ரவிக்கைக்குள்ளிருந்து அந்தப் பையை எடுத்துக் காட்டினாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எறும்பு வரிசை போலத் தையல்.

வெளியே மருந்து வரிசையில் பச்சைச் சேலை கட்டி நிற்கும், இதே பெட்டி வைத்த நெடுமங்காட்டுக்காரிக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தாளாம். போன தடவை இந்த வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான், அவளும் நாலு மாதமாகத் தூங்கவில்லை என்று தெரிந்ததாம்.

அந்த நாலு மாதத்தில் இரண்டு முறை அவளை இதே மேசையில் சோதித்து, எல்லாம் நார்மல் என்று எழுதியவள் ஸ்ரீலட்சுமிதான்.

அவள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒருத்தி தன் உடம்பைத் தானே தடவித் தடவிக் கண்டுபிடித்தது அது. இவ்வளவு மெஷின் இருக்கும் இந்த அறையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பிறகு கேட்க ஆரம்பித்தாள். பட்டையை எத்தனை விரற்கடை தள்ள வேண்டும்? பஞ்சை இறுக்கி அடைக்கணுமா, தளர்வாகவா? புரளும்போது முதலில் தோளா, இடுப்பா? எழுந்த பிறகு கை மரத்துப்போகுமா?

ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்த தாசம்மாள் நடுவில் நிறுத்தினாள். ஸ்ரீலட்சுமியின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் வச்சிருக்காவ, சிஸ்டரே?"

ஸ்ரீலட்சுமி கதவைப் பார்த்தாள்.

ஒன்பது வாரம் ஆகிறது. நாகர்கோவிலில் தங்கை வீட்டில் தங்கி, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பெட்டி வைத்துக்கொண்டு வந்தாள். இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. தூக்கமே இல்லை என்பதைத் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

தாசம்மாள் மேசையிலிருந்து இறங்கினாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மேசையைத் தட்டிக் காட்டினாள்.

சாப்பாட்டு நேரம் முடியப்போகும்போது அட்டெண்டர் ஷிபு வந்து கதவைத் தட்டினார். ஒரு முறை. இன்னொரு முறை.

கதவு ஒரு சாண் மட்டும் திறந்தது.

"சத்தம் வைக்காத மோனே," என்றாள் தாசம்மாள். "சிஸ்டர் உறங்குதாவ."