மாவுக்கட்டா, விளையாட்டா

நான் எறிந்த கண்ணாடி டம்ளர் என் மனைவியின் தலைக்கு மேலே பறந்து சுவரில் பட்டுச் சிதறியது.

குறி பார்த்து எறியவில்லை. பார்த்திருந்தால் தப்பியிருக்க மாட்டாள்.

சண்டை மேசைமேல் கிடந்த படிவத்துக்காக. பத்து மணிக்குள் சிகிச்சை மையத்தில் கொடுக்காவிட்டால் இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும்.

எங்கள் மகளுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம். இடது கை பேருக்குத்தான் இருக்கிறது, தோளுக்குமேல் எழும்பாது.

வழி இரண்டு என்றார் தெரபிஸ்ட். நல்ல கைக்கு மூன்று வாரம் மாவுக்கட்டு போட்டுவிட்டால், வேறு வழியில்லாமல் இடது கை வேலை செய்யும். இல்லையென்றால், இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஆட முடிகிற விளையாட்டுகள்.

நான் மாவுக்கட்டு என்றேன். செல்லம் கொடுத்தால் எந்தக் கையும் உருப்படாது.

“இருக்கிற ஒரு கையையும் கட்டிப் போட்டுட்டு, அது தவிக்கிறத வேடிக்கை பாக்கணுமா உங்களுக்கு?” என்றாள்.

அறைந்தேன்.

அவள் விழவில்லை. நாற்காலியைத் தூக்கி என் முழங்காலில் இறக்கினாள். நான் அவள் கொண்டையைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் படிவத்தில் சொட்டியது.

இருவருக்குமே மகள் என்றால் உயிர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

மணி ஒன்பதரை. மூச்சு வாங்க நின்றோம். படிவத்தைத் துடைக்க எடுத்தேன்.

கடைசிக் கேள்வி: ‘கை சரியானால் என்ன செய்ய ஆசை? குழந்தையைக் கேட்டு எழுதவும்.’

அதில் நான் ‘சட்டைக்குப் பொத்தான் போட’ என்று எழுதியிருந்தேன். அவள் அதை அடித்துவிட்டு ‘சைக்கிள் ஓட்ட’ என்று எழுதியிருந்தாள். குழந்தையை யாரும் கேட்கவில்லை.

மகள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். குனிந்து, என்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டேன்.

அவள் வெளியே வராமலே சொன்னாள்.

“ஒரு காதத்தான்ப்பா மூட முடியுது. ரெண்டையும் மூடணும்.”

மனைவி என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விளையாட்டு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.  கடைசி வரியில் மகள் சொன்னதை எழுதப் போனபோது, மனைவி என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

சைக்கிள் என்றே கொடுத்தோம். அன்று காலை இருவரும் ஒத்துப்போனது அதில்தான்.