எந்தப் பக்கமும் சாயாத ஆள்

"கோபம் கூடுதலா? அத நானே சொல்லியிருப்பேனே மோளே! அதுக்கு நூத்தியிருபது கேள்வி எதுக்கு?"

ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் பூதலிங்கம், மேசையில் கிடந்த அறிக்கையைத் தள்ளி வைத்தார். அது அவருடைய மைத்துனர் மகன் பிரணவைப் பற்றியது. எட்டு வருடமாகக் கடையில் நிற்கிறவன்.

விஷ்ணுப்ரியா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். வேலைக்கு வருகிறவர்களுக்குக் குணச்சோதனை வைத்து, தகுந்தவரைச் சொல்லும் அலுவலகத்தை அவள் கரமனையில் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. புது கோடவுனுக்கு ஒரு மேற்பார்வையாளரைச் சரியாகக் காட்டிக் கொடுத்தால், தன்னுடைய மூன்று கடைக்கும் இனி அவளே ஆள் எடுக்கலாம் என்று பூதலிங்கம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

"பிரணவை விடுங்கோ அண்ணாச்சி. பத்மகுமாரோட ரிப்போர்ட்டைப் பாருங்கோ."

"அந்த மெலிஞ்ச பயலா? பேச்சு கொள்ளாம், நல்ல தமிழு. ஆனா மொகத்தப் பாத்தா ஒண்ணும் மனசிலாகலயே."

"அதான் அவர் பலமே. பேச்சு, துணிச்சல், பொறுமை, சந்தேகம், எல்லாத்துலயும் சரியா நடுவுல நிக்கறார். எந்தப் பக்கமும் சாயலை. இப்படி ஒரு ரிப்போர்ட் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்லை."

தானே நம்பாமல் மூன்று முறை கூட்டிப் பார்த்ததை அவள் சொல்லவில்லை. தமிழ்க் கேள்வித்தாள் அவள் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியது. வார்த்தைகள் விறைப்பாக இருக்கின்றனவோ, ஆட்களுக்குப் புரியாதோ என்ற பயம் அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது. அதில் எழுதிய முதல் ஆள் பத்மகுமார்தான்.

"அவன் தமிழ்லயா எழுதினான்?" பூதலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "கண்டியா! நம்ம பிரணவு எல்லாரும் பாக்க மலையாளப் பேப்பர் கேட்டு வாங்கினான். 'வீட்ல தமிழு, பரீட்சைக்கு மலையாளமாடே, வெக்கமா இல்லியா'ன்னு அங்கயே வச்சு நான் கேட்டேன். ஷரி, இவன் எம்புட்டு நேரம் எடுத்தான்?"

"ஒன்பது நிமிஷம். மத்தவாளுக்கெல்லாம் முக்கால் மணி ஆச்சு. இவர் ஒண்ணைக்கூட அடிச்சுத் திருத்தலை. தன்னை நல்லவனாக் காட்டிக்க நினைக்கறவாளுக்குத்தான் யோசிக்க நேரம் வேணும் அண்ணாச்சி."

பூதலிங்கம் தாடையைத் தடவினார்.

"பிரணவ இல்லன்னு சொன்னா வீட்டுக்காரி எனக்குச் சோறு போடமாட்டா."

"ரிப்போர்ட்டைக் காட்டுங்கோ."

"ரிப்போர்ட்டைத் தின்னச் சொல்லுவா." அவர் பெரிதாகச் சிரித்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பத்மகுமாரு, உள்ள வாடே!" என்றார்.

பத்மகுமார் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கோடவுன் உனக்குத்தான். சந்தோஷமா?"

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி."

பூதலிங்கம் விஷ்ணுப்ரியாவின் பக்கம் திரும்பினார். "மூணு கடைக்கும் ஆள் எடுக்குற வேலை உனக்குத்தான் மோளே. இனி நீ சொல்றவன்தான் இங்க ஆளு."

விஷ்ணுப்ரியாவுக்கு அன்றுதான் மூச்சு சீராக வந்தது. தன் தமிழைப் பற்றிய பயமும் ஒருவழியாகப் போயிற்று.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. தென்காசியிலிருந்து சரக்கு வந்திருந்தது. டிரைவர் கொடுத்த சீட்டைப் பூதலிங்கம் பத்மகுமாரிடம் நீட்டினார்.

"இன்னைக்கே தொடங்கு. என்னென்ன சரக்கு வந்திருக்குன்னு சத்தமா வாசி."

பத்மகுமார் சீட்டைப் பார்த்தான். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு அதை மெதுவாக விஷ்ணுப்ரியாவின் பக்கம் நகர்த்தினான்.

"நீங்க வாசிச்சுத் தரணும் மேடம். எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிச்சதெல்லாம் மலையாளம். அன்னைக்கு அண்ணாச்சி பிரணவ அந்தப் பாடு படுத்தினதப் பாத்தப்புறம் பேப்பர மாத்திக் கேக்க எனக்கு வெக்கமாப் போச்சு. அதான் உங்க நூத்தியிருபது கேள்விக்கும் கை போன இடத்துல டிக் போட்டுட்டு எந்திரிச்சுட்டேன்."