பூங்கா வரைக்கும்

"சின்ன சிப் ஒண்ணே போதும்மா. வீடு முழுக்க எட்டும். வாசலைத் தாண்டினா பட்டை அலறும்" என்றான் மகன்.

மேசையில் திறந்து கிடந்த பட்டையின் மேல் குனிந்திருந்த அம்மா, பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"அதுக்குக் கயித்துல கட்டிப் போட்டுடலாமே? கூடவே ரேஞ்சைக் கூட்டுற சிப் ஒண்ணு வை. பூங்கா வரைக்கும் எட்டட்டும்."

"சரி, அனுப்புற சிக்னலை மட்டும் கூட்டுறதை வைப்போம். பேட்டரியாவது மிஞ்சும்."

"கத்தினா மட்டும் ஆச்சாடா? வீட்டுல இருக்குற பெட்டி சொல்ற பதிலும் பட்டைக்குக் கேக்கணும். இல்லேன்னா நடுத்தெருவுல சும்மா அலறும். ரெண்டையும் கூட்டுறதை எடு."

மகனுக்குப் பொறுமை போய்விட்டது. "போன வாரம் அதே பூங்காவுல வழி தெரியாம நின்னு, பக்கத்து வீட்டுக்காரர் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரே. மறந்துபோச்சா?"

"மறந்துதான் போச்சு. எந்த சிப்னு மறக்கல."

அவள் கேட்ட சிப்பையே எடுத்துக் கொடுத்தான். அம்மா அதைப் பட்டைக்குள் ஈயத்தால் பற்றவைத்து, ஊதி ஆறவிட்டு, பட்டையை மூடி அவனிடம் நீட்டினாள். பிறகு தன் இடது கையையும் நீட்டினாள்.

"ம், கட்டு. பூங்காவைப் பூட்டுறதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துடுறேன்."