அவள் வார்த்தையிலேயே

பால் வந்தது. அத்தை காபி போட்டார். மாப்பிள்ளை குடித்தான். கப்பைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. தினமும் அப்படித்தான்.

இன்று வாசலில் அத்தையின் பெட்டி இருந்தது.

மகளே கண்ணை மூடிவிட்ட பிறகு மாப்பிள்ளை வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை என்று, மகன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். டாக்ஸி தெருமுனைக்கு வந்துவிட்டது.

அத்தை ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் முன்னால் கூண்டேறினால், ஒத்திகை பார்த்த பொய் பாதியில் மறந்துபோகும் என்று வக்கீல்களே சொல்வார்கள்.

இருந்தும் அவன் துணிந்தான். ராத்திரி முழுக்க உருப்போட்டது.

"கடைசியா அவ ஒண்ணு சொன்னா, அத்தை. 'என் அம்மாவை எந்தக் காலத்திலும் கைவிடாம, நம்ம கூடவே வச்சு நல்லபடியா பாத்துக்கணும்'னு."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்ப்புக்கு முன்னால் செய்வது.

சாகப்போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று சட்டம் நம்புகிறது. அத்தையும் நம்பினார். அவர் சொன்னதாக எழுதிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நம்பியதில்லை. உயிர் போகிற நேரத்தில் யாரும் இலக்கணமாகப் பேசுவதில்லை. அழகாக முடிகிற மரண வாக்குமூலம் வந்தால், செத்தவர் வார்த்தை எங்கே என்று கேட்பார்.

"என் பொண்ணு பேசக் கத்துக்கிட்டதிலேருந்து ஒரு வாக்கியத்தைக்கூட முழுசா முடிச்சதில்ல," என்றார். "முழுப் பூசணிக்காயை மறைக்கணும்னா சோறு நிறைய வேணும், மாப்பிள்ளை. உங்ககிட்ட ஒரு பிடிதான் இருக்கு."

அவன் தலை குனிந்தான். வாசலில் ஹாரன் அடித்தது.

பொய்யைப் பிடிப்பது பாதி வேலை. அதை எதற்காகச் சொல்கிறான் என்று பார்ப்பது மீதி. அத்தை எந்த வழக்கிலும் வேலையைப் பாதியில் விட்டதில்லை.

வெளியே போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். வண்டி காலியாகத் திரும்பியது. பெட்டியைத் தானே உள்ளே இழுத்து வந்தார். அதே வேகத்தில் அடுப்படிக்குப் போய், இன்னொரு கப் காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பொய் சாட்சிக்குத் தண்டனை உண்டு. நிஜமா என்ன சொன்னா? அவ வார்த்தையிலேயே சொல்லுங்க."

அவன் கப்பைப் பார்த்தான். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அத்தை வைத்துவிட்டுப் போன ஃபிளாஸ்க் நினைவுக்கு வந்தது.

ஒரே மூச்சில் குடித்து முடித்தான். பிறகு சொன்னான்.

"'அம்மா காபி... சகிக்கலங்க. நீங்களே குடிச்சிடுங்க. அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சா...'"