பயிற்சிக்கு ஓர் ஆள்

"வர்ற பிள்ளையைச் சும்மா காபி போட வெச்சிடக் கூடாது சார். அதுதான் முதல் நிபந்தனை."

ஸ்மராண்டா சொன்னதும் ஹரலாம்ப் வேகமாகத் தலையாட்டினார். ருமேனியாவின் அந்த ஆற்றங்கரை ஊரில் பெண்கள் ஹேண்ட்பால் கிளப்புக்கு அவர்தான் செயலாளர். அவள் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மைப் பட்டப்படிப்பை வடிவமைத்தவள். மாணவர்கள் கடைசி ஆண்டில் ஏதாவது ஒரு கிளப்பில் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு இடம் கேட்டு ரயிலேறி வந்திருந்தாள்.

"காபியை நானே போடுவேன் புரொபசரம்மா. இங்க எப்பவும் அது என் வேலைதான். அடுத்தது?"

"மத்தியானம் நீங்க அந்தப் பிள்ளையோட உக்காந்து சாப்பிடணும்."

"இதுகூடவா படிப்புல வருது?"

"நான் எழுதின படிப்பு. வரும். மூணாவது, தினமும் ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிடணும். 'ஏய்'னு கூப்பிடக் கூடாது."

"டிக்கெட் விக்கிறது, விளம்பரம் பிடிக்கிறது, இதெல்லாம் கத்துக்க வேண்டாமா?"

"அது நாலாவது."

ஹரலாம்ப் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அந்த கிளப் அறைக்குத் தினமும் ஓர் ஆள் வரும் என்றால் இன்னும் பத்து நிபந்தனை போட்டாலும் சரி என்றிருப்பார்.

ஸ்மராண்டா உள்ளரங்கக் கதவைப் பார்த்தாள். "டீம் உள்ளே பிராக்டிஸ்ல இருக்குன்னீங்க. பந்துச் சத்தமே கேக்கலையே?"

"கோச் பேசிட்டிருப்பான். வாயைத் திறந்தா மூட மாட்டான்."

எழுந்துபோய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "பொண்ணுங்களா, விருந்தாளி வந்திருக்காங்க. கொஞ்சம் மெதுவா!"

"இதுக்கு மேல மெதுவாவா?" என்றாள் ஸ்மராண்டா.

"நல்ல பொண்ணுங்கம்மா. சொன்னா கேப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. "படியேறி வந்தப்போ ஒரு சூரியகாந்தி விதைத் தோல்கூட என் கால்ல மிதிபடல. மேட்ச் நடக்கிற இடமா சார் இது?"

ஹரலாம்ப் மூலையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தார். அவள் வருகிறாள் என்று காலையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பெருக்கியிருந்தார். மேட்ச் பார்க்கிற ஜனம் விதை கொறித்துத் துப்பாமல் போகுமா? இரண்டு கைப்பிடி தோலை இறைத்திருந்தால் போதும்.

கதவை முழுதாகத் திறந்தார். உள்ளே இருட்டு. கோல் கம்பங்களில் வலைகூட இல்லை.

"போன குளிர்காலத்துலயே டீமைக் கலைச்சுட்டாங்க. பொண்ணுங்க ஆளுக்கொரு ஊருக்குப் போயிட்டாங்க. சாவியை யாரும் திருப்பிக் கேக்கல, அதனால தினமும் வந்து திறக்கிறேன். அப்புறம் இந்த போன் அடிச்சதே நீங்க கூப்பிட்டப்போதான். இல்லைன்னு சொல்ல வாய் வரல." அவர் கதவைச் சாத்தினார். "உங்க பிள்ளைங்களை வேற கிளப்புக்கு அனுப்புங்கம்மா."

அவள் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தார். அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் கையில் எடுத்தாள்.

"டீம் இருக்கிற கிளப்புக்கெல்லாம் போயிட்டுத்தான் வரேன். ஒருத்தனும் உக்காருங்கன்னு சொல்லல."

"இங்க வந்து அந்தப் பிள்ளை என்னத்தைக் கத்துக்கும்?"

"நாலாவது நிபந்தனையை எடுத்துடலாம். மத்த மூணும் இருக்கட்டும்."

ஹரலாம்புக்கு நம்ப முடியவில்லை. "நெசமாவா? எப்ப வரும்?"

"திங்கட்கிழமை."

"பேர் என்ன? கூப்பிடணுமே."

அவள் காபியைக் குடித்து முடித்தாள்.

"யாருமே சேரலைன்னு அந்தப் படிப்பைக் கோடையிலேயே மூடிட்டாங்கண்ணே. என்னையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க," என்றாள். "வர்ற பிள்ளை பேரு ஸ்மராண்டா. காபிக்குச் சர்க்கரை போட்டுக்காது."